வெஞ்சனமும் வெஞ்சினமும்

சென்ற ஆண்டு வெளிவந்த என் நாவலில் ஓர் ஆச்சி வருகிறாள். தாமிரபரணிக் கரையில் பிறந்து, அந்த நதியைத் தவிர வேறு தண்ணீரில் குளித்தறியாதவள். ஏழாம் அத்தியாயத்தில் பேரன் இலையில் உட்காரும்போது மருமகளைப் பார்த்து, "ஏட்டி, பிள்ளைக்கு வெஞ்சனம் எடுத்து வை" என்கிறாள். எங்கள் பக்கத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறிவகைகளுக்கு வெஞ்சனம் என்று பெயர். வியஞ்சனம் என்ற வடசொல் எங்கள் ஊர் வெயிலில் காய்ந்து அப்படி ஆயிற்று என்பார்கள்.

புத்தகம் அச்சாகி வந்தபோது அந்த ஆச்சி, "ஏடி, பிள்ளைக்கு வெஞ்சினம் எடுத்து வை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் கவனிக்கவில்லை. கவனித்தவர் அம்பாசமுத்திரத்திலிருந்து கடிதம் எழுதிய ஒரு வாசகர். "ஐயா, நான் அறுபது வருஷமாக அவியலும் சொதியும் சாப்பிட்டு வளர்ந்தவன். கடுங்கோபத்தைத் தொட்டுக்கொண்டு சோறு உண்ணும் குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன். அதற்கு உப்புப் போடுவதுண்டா?" என்று கேட்டிருந்தார்.

அவசர அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினேன். வெஞ்சினம் ஓரிடத்தோடு நிற்கவில்லை. "அவனுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு" என்று பைத்தியத்தைப் பற்றி நான் எழுதியிருந்தது, "அவனுக்குக் கோடி பிடித்திருக்கிறது" என்று ஆகியிருந்தது. கோடி யாருக்குத்தான் பிடிக்காது? பதினோராம் அத்தியாயத்துக்கு வரும்போது ஆச்சி சாட்சாத் வானொலி நிலையத்தில் செய்தி வாசிப்பவளாகவே மாறிவிட்டாள். "நான் சற்று நேரத்தில் வந்துவிடுகிறேன்" என்று மாட்டுக்கொட்டிலில் நின்றுகொண்டு சொல்கிறாள்!

பிரசுரகர்த்தரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் பதற்றம் அடையவில்லை. "நாங்கள்தான் முன்பே சொன்னோமே. இந்தத் தடவை புரூப் பார்த்தது செயற்கை நுண்ணறிவு. நீங்கள்கூட ஆகட்டும் என்றீர்களே" என்றார்.

வாஸ்தவம். நான் ஆகட்டும் என்று சொன்னேன். இந்தக் கட்டுரையில் மற்றவர்களைக் குறை சொல்லப் போகும் இடங்களும் உண்டு. ஆகையால் இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கு நாவல் வந்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கும் இருந்தது. "மனிதர் பார்த்தால் மூன்று வாரம், இது ஒரு மத்தியானத்தில் முடித்துவிடும்" என்று அவர் சொன்னபோது, அந்த மனிதர் யார் என்பது எனக்குத் தெரியும். அவர் முகம் கண்முன் வந்தது. ஆனாலும் ஆகட்டும் என்றேன். கடைசிப் பக்கங்களைக் கணினியில் எனக்கு அனுப்பி வைத்தார்கள். அதையும் திறந்து பார்க்கவில்லை. யந்திரம் பார்த்ததை நான் வேறு பார்க்க வேண்டுமா என்ற எண்ணம்.

அந்த மனிதரைத் தொழில் வட்டாரத்தில் 'புரூப் ஐயா' என்பார்கள். பெயரைச் சொல்ல அவர் சம்மதிக்க மாட்டார். "பிழை திருத்துகிறவன் பேர் புத்தகத்திலே வந்தா, அதுவே ஒரு பிழை தம்பி" என்பது அவர் கட்சி. வயது எழுபத்து மூன்று. பதினாலாவது வயதில், 1966-ல், திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் எழுத்துப் பிரித்துப் போடும் பையனாகச் சேர்ந்தவர். அச்சடித்து முடிந்த பக்கங்களைக் கலைத்து, ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாக அதனதன் அறையில் திரும்பப் போடுவதுதான் அந்த வேலை. ஆங்கில அச்சுக் கோப்பவனுக்கு ஒரு கைப்பிடி எழுத்துக்கள் போதும். தமிழுக்கு நூற்றுக்கு மேற்பட்ட அறைகள். எழுத்தோ கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி இருக்கும். அப்படித் திரும்பிய தமிழை இன்றைக்கும் அவர் சரளமாக வாசிப்பார். எதிரே நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் தலைகீழாகவே படித்துவிடுவார் என்பதால், அவர் எதிரில் எழுத எனக்குக் கூச்சம்.

பிரித்துப் போடும் பையன் பிறகு கம்பாஸிட்டர் ஆனார். 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது நினைவிருக்கலாம். துதிக்கை வைத்த லை, ளை, னை, ணை எல்லாம் போய், மற்ற எழுத்துக்களைப்போல் முன்னால் கொம்பு போட்டுக்கொண்டன. சுழித்து எழுதிய றா, னா, ணா கால் வாங்கிக்கொண்டன. "ஒரு கவர்மெண்ட் உத்தரவிலே என் பெட்டியிலே பதிமூணு அறை காலி" என்று சிரிப்பார். அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் பெட்டியே காலியாயிற்று. கணினி வந்தது, அச்சகத்தார் ஈயத்தை எடைக்குப் போட்டார்கள். கூட வேலை செய்தவர்களில் ஒருவர் டீக்கடை வைத்தார், ஒருவர் காவல்காரர் ஆனார். இவருக்கு மட்டும் ஓர் அதிர்ஷ்டம். இத்தனை வருஷமாகக் கோத்த புத்தகங்களையெல்லாம் கூடவே வாசித்தும் வந்திருந்தார். ஆகையால் கை வேலை போன இடத்தில் கண் வேலை கிடைத்தது. மேஜையும் பென்சிலும் கொடுத்துப் பிழை திருத்துபவராக உட்கார வைத்தார்கள்.

இதில்தான் ஒரு விஷயம் இருக்கிறது. அதுவரை வந்த யந்திரங்கள் எல்லாம் மனிதனின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டு, தலைக்குள் இருப்பதை அவனுக்கே விட்டுவைத்தன. படித்தவன், விஷயம் தெரிந்தவன் ஒரு படி மேலே ஏறித் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. நம் வீடுகளில் பிள்ளைகளை, "படி, படி" என்று அடித்துப் படிக்க வைத்ததெல்லாம் இந்த நம்பிக்கையில்தானே? இப்போது வந்திருப்பது நேராக மேல் படியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கணக்கெழுதுபவர், மொழிபெயர்ப்பவர், குமாஸ்தா, பிழை திருத்துபவர், கொஞ்சம் தள்ளி நாவலாசிரியன். ஏறுவதற்கு அடுத்த படி எது என்று எனக்குத் தெரியவில்லை.

புரூப் ஐயாவுக்கும் எனக்கும் பழக்கம் சண்டையில் ஆரம்பித்தது. என் முதல் நாவலின் புரூப் திரும்பி வந்தபோது ஓரங்களிலெல்லாம் கேள்விக்குறி. எண்ணிப் பார்த்தேன்; நாற்பத்தொன்று. எழுதினவனுக்குத் தெரியாததா இவருக்குத் தெரிந்துவிட்டது என்று கோபத்துடன் போய் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பிழைன்னு தெரிஞ்சா நானே அடிச்சிடுவேன் தம்பி. பிழையா இல்லையான்னு தெரியாத இடத்திலேதான் கேள்விக்குறி. எனக்குச் சம்பளமே அந்தக் கேள்விக்குறிக்குத்தான்." அந்த நாற்பத்தொன்றில் வெஞ்சனமும் ஒன்று. அது என்ன பதார்த்தம் என்று விசாரித்து, ஒரு நீளநோட்டில் குறித்துக்கொண்டார். தஞ்சாவூர்க்காரரான அவருக்கு நெல்லைச் சொற்கள், கொங்குச் சொற்கள், நாஞ்சில் சொற்கள் எல்லாம் அப்படி எழுத்தாளர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்ந்தவை. கி. ராஜநாராயணன் 1982-ல் வெளியிட்ட வழக்குச் சொல்லகராதியின் பழைய பிரதி ஒன்றும் அந்த நோட்டோடு சேர்த்து நூல் கட்டி வைத்திருக்கிறார்.

யந்திரம் ஏன் என் ஆச்சியை அப்படிச் செய்தது? கணினி வேலை பார்க்கும் என் தங்கை மகனிடம் கேட்டேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி என்று ஒன்று பொதுமக்கள் கைக்கு வந்ததே, அதுவும் அதன் சகோதரர்களும் உலகத்தில் கிடைத்த எழுத்தையெல்லாம் வாசித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது அதிக சாத்தியம் என்று ஊகிப்பதில் தேர்ந்தவை. சொல்லை முழுசாகக்கூட அல்ல, துண்டு துண்டாக நறுக்கித்தான் விழுங்கும். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டில் அடங்கிவிடும். தமிழ்ச் சொல்லுக்கு அதைவிட அதிகத் துண்டுகள். அது வாசித்த எழுத்தில் ஆங்கிலம் மலை, தமிழ் மடு. அந்த மடுவிலும் எழுத்துத் தமிழ்தான் அதிகம்; என் ஆச்சியின் பேச்சு ஒரு கை தண்ணீர். ஆக, அரிதாக வருவதைக் கண்டால், அதற்குப் பக்கத்தில் அடிக்கடி வருகிற வேறொன்றின் பக்கம் அதை இழுத்துவிடும். "அதுக்கு ஆச்சி தப்பாப் பேசுறதாத் தோணியிருக்கு மாமா" என்றான்.

அப்படித் தோன்றியது குற்றமில்லை. எங்கள் பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியாருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யந்திரம் கேட்கவில்லை, திருத்திவிட்டது. திருத்தியதும் பிழையில்லாத நல்ல சொல்லாக இருந்ததால் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. அச்சுப் பிழை என்றால் பல்லில் கல் அகப்பட்டதுபோல் நெருடும். இது நெருடவே இல்லை.

யந்திரத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதைப் பார்த்து, நான் அதைத் தொடாத ஆசாரசீலன் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. நான் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்ததோடு நிறுத்திக்கொண்டவன். என் ஆங்கிலம் ஊன்றுகோல் இல்லாமல் நடக்காது. 2023 முதல் என் ஆங்கிலக் கடிதங்களை அதுதான் எழுதிக்கொடுக்கிறது. அதில் எனக்கு வெட்கமில்லை. முன்பு வக்கீல் குமாஸ்தாவிடம் போய் நின்றேன், இப்போது இதனிடம். வெட்கம் வேறோர் இடத்தில் வந்தது. ஒருநாள் தமிழில் ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் 'ப்' வருமா வராதா என்று சந்தேகம். இருபத்தைந்து வருஷமாகத் தமிழ் எழுதிப் பிழைக்கிறவன், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் காது சொல்லிவிடும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. கை தானாகக் கைப்பேசியை எடுத்தது. அதனிடம் கேட்டேன், சொன்னது, போட்டுக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது, இப்படிக் கேட்பது அன்று முதல் தடவை அல்ல என்று.

இது என் சோம்பல் மட்டும்தானா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, போலந்து தேசத்து வைத்தியர்களைப் பற்றிய சங்கதி கண்ணில் பட்டது. 2025-ல் ஒரு மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது. பெருங்குடலுக்குள் குழாய்க் காமிரா செலுத்தி, பின்னாளில் புற்றுநோய் ஆகக்கூடிய சிறு கட்டிகளைத் தேடுவது அவர்கள் வேலை. கட்டி இருக்கும் இடத்தைத் திரையில் சுட்டிக்காட்ட நான்கு மருத்துவ நிலையங்களில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வந்தார்கள். சில மாதம் கழித்து, அதன் துணையில்லாமல் அதே நிலையங்களில் செய்த பரிசோதனைகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். யந்திரம் வருமுன் நூற்றுக்கு 28.4 பரிசோதனைகளில் கட்டியைக் கண்டுபிடித்த கண்கள், அது வந்து பழகிய பிறகு, அது இல்லாதபோது 22.4-ல்தான் கண்டுபிடித்தன. காரணம் இதுதான் என்று அறுதியிட ஓர் ஆராய்ச்சி போதாது. நோயாளிகள் வேறு, நாட்கள் வேறு. இருந்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்ந்த வைத்தியர்கள் அவர்கள். அவர்களுக்கே அப்படி என்றால் என் 'ப்' எம்மாத்திரம்?

கடிதம் வந்த நாலாம் நாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருவல்லிக்கேணிக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன் என்பது பொருள்.

வாசல் திண்ணையில் வெயிலில் ஐயா அசையாமல் உட்கார்ந்திருந்தார். பேத்தி அவர் முகத்துக்கு எதிரே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, கண்ணைச் சிமிட்டு. இன்னொரு தடவை" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி, உட்காருங்க. நான் உயிரோட இருக்கேன்னு நிரூபிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார்.

வாழ்நாள் சான்றிதழ். வைப்பு நிதியிலிருந்து அவருக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. அதற்கு வருஷம் ஒருமுறை உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். 2014-லிருந்து இதை விரல் ரேகையை வைத்துக் கணினி மூலம் செய்யலாம் என்று மத்திய அரசு ஏற்பாடு செய்தது. ஐயாவின் விரல்களோ ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கி வழவழவென்று தேய்ந்தவை. யந்திரம் ஒவ்வொரு தடவையும் அவற்றை நிராகரித்தது. ஓர் அலுவலகத்தில் பையன் ஒருவன், "சிஸ்டம் எடுக்கலை பெரியவரே" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினான். 2021-லிருந்து முகத்தைக் காட்டினால் போதும் என்று ஒரு வசதி வந்தது. முகத்தை அடையாளம் காண்பது யார்? அதே செயற்கை நுண்ணறிவு வகையறாதான். வெயிலில் மூன்றாம் முறை அவரை ஏற்றுக்கொண்டது. அவர் வேலையை எடுத்துக்கொண்டதும் அது, வீட்டுத் திண்ணையிலேயே அவருக்கு ஓய்வூதியம் வாங்கிக்கொடுத்ததும் அது. யாரைக் கோபித்துக்கொள்வது?

அந்தப் பேத்திக்கும் வேலை இதில்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன். தெருக்காட்சிப் படங்களில் கார் எது, சைக்கிள் எது, மாடு எது என்று கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதைப் பார்த்துத்தான் யந்திரம் கற்றுக்கொள்கிறது. அதாவது யந்திரத்துக்கும் ஒரு புரூப் பார்ப்பவர் இருக்கிறார்!

"மூணாம் தடவையும் எடுக்காம இருந்தா என்ன பண்ணுவீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"பாங்கு மானேஜர் முன்னாலே போய் நிப்பேன். பழைய ஆளு, என்னைத் தெரியும். பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுவார். அந்த வழி இன்னும் இருக்கே" என்றார்.

அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து சாட்சி. குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அங்கே அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது. யார் ஏமாற்றக்கூடும் என்று முன்கூட்டியே மதிப்பெண் போட, 2013 முதல் வரித்துறை தானே கற்றுக்கொள்ளும் ஒரு கணினி ஏற்பாட்டைப் பயன்படுத்தியது. அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவரென்றால் சந்தேகம் கூடும். மதிப்பெண் அதிகமானவரின் காகிதங்கள் ஒரு குமாஸ்தாவின் மேஜைக்கு வரும். ஏன் அதிகம் என்று அந்தக் குமாஸ்தாவுக்கே சொல்லப்படாது. ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தால்கூட, வருஷக்கணக்கில் கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கொடு என்று உத்தரவு. பல்லாயிரம் யூரோ. யந்திரத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. சட்டமே அவ்வளவு கொடியதாக இருந்தது, யந்திரம் வருமுன்பே அந்த அநியாயம் தொடங்கியிருந்தது. சுமார் 26,000 பெற்றோர் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். வீடிழந்தவர்கள், மணவாழ்க்கை முறிந்தவர்கள் உண்டு. கடைசியில் 2021 ஜனவரி 15 அன்று மந்திரிசபையே ராஜினாமா செய்தது. ஐரோப்பியர்கள் பிறகு இதற்கெல்லாம் ஒரு சட்டம் செய்து, 2024 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆபத்து மிகுந்த காரியங்களில் யந்திரத்துக்கு மேல் மனிதக் கண்காணிப்பு வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த மனிதன் வெறுமனே கையெழுத்துப் போடுகிறவனா, கேள்விக்குறி போடுகிறவனா என்பதைச் சட்டத்தில் எழுதி வைக்க முடியுமா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

ஐயாவிடம் நெதர்லாந்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். கொண்டுபோன விஷயத்தை எடுக்க நா எழவில்லை. கடைசியில் அவரே பையிலிருந்து புத்தகத்தை உருவி எடுத்தார். "போன மாசமே கடையிலே பார்த்தேன். நமக்கு வரலியேன்னு நினைச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஆகட்டும் என்று சொன்னதைச் சொன்னேன். "அவசரம்னா என்ன பண்றது" என்று எனக்காகச் சமாதானமும் அவரே சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஒரு வாரம் கழித்துப் புத்தகம் என்னிடம் திரும்பி வந்தது. யாரும் கேட்காமல், யாரும் கூலி பேசாமல் முழுவதும் பார்த்திருக்கிறார். ஆச்சியின் பேச்சு அத்தனையையும் பென்சிலால் மீட்டு எழுதியிருந்தார். என் பழைய நாவல்களிலிருந்து எடுத்த நோட்டு உதவியிருக்கிறது. பின் அட்டையின் உள்பக்கத்தில், "சந்தி நன்றாகப் பார்த்திருக்கிறது. நானே சில இடங்கள் விட்டிருப்பேன்" என்று யந்திரத்துக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம். பதினாறாம் அத்தியாயத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி. அதில் தைப்பூசத்தன்று இரவு கதாநாயகி கும்மிருட்டில் வழி தெரியாமல் ஆற்றங்கரையில் நடக்கிறாள். ஓரத்தில், "தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதல்லவா? இருட்டு?"

அது யந்திரம் செய்த பிழை அல்ல. என் பிழை, இரண்டு வருஷம் எழுதி, நாலு தடவை திருத்தியும் எனக்குத் தெரியாத பிழை. யந்திரமும் அதைத் தாண்டிப் போயிருந்தது.

பிரசுரகர்த்தரிடம் அடுத்த அச்சுக்குமுன் ஐயா பார்த்தாக வேண்டும் என்று சொன்னேன். "உங்கள் இஷ்டம். அந்தக் கூலியை உங்கள் ராயல்டியில் கழித்துக்கொள்ளட்டுமா?" என்றார். கழித்துக்கொள்ளச் சொன்னேன். வருகிற ராயல்டியில் பாதி போய்விடும்; என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. இதனால் ஐயாவுக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களின் புத்தகங்கள் அவருக்கு வருவதில்லை, வரப்போவதாகவும் தெரியவில்லை.

செய்தியைச் சொல்ல மறுபடி போனேன். "பக்கத்துக்குப் பதினைஞ்சு ரூபா. அதுக்குக் கீழேன்னா வேண்டாம் தம்பி, கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கவே காணாது" என்று கறாராகப் பேசினார். சரி என்றேன். பென்சிலைச் சீவிக்கொண்டே, "அந்தத் தைப்பூச இருட்டை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

"யோசித்துவிட்டேன் ஐயா. வானத்தில் கொஞ்சம் மேகம் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்" என்றேன்.

"தை மாசத்திலேயா?" என்றார்.